கழற்றி எறியக் கூடாத வால்வு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நெமிலியிலிருந்து பனப்பாக்கம் வழியாக ஓச்சேரி போகும் சாலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் பழைய கார்கள் கண்ணில் படும். பெரும்பாலும் மாருதி 800, சில சமயம் ஆம்னி. குடும்பம் புளியமர நிழலில் ஒதுங்கி நிற்கும். ஓட்டி வந்தவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அருகே ஒர்க்‌ஷாப் இருந்தால் அங்கிருந்து வரும் முதல் யோசனை அநேகமாக இதுதான்: "தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்லாம்ணா. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?"

வேலூர், ஆற்காடு, அரக்கோணம் வட்டாரத்தில் பல பழைய கார்கள் இப்படித்தான் அந்த வால்வை இழந்தன. இந்த அத்தியாயம் அதற்கு நேர் எதிரான யோசனையைச் சொல்கிறது. கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய இடத்தில் புதியது ஒன்றைப் பொருத்த வேண்டும். சில நூறு ரூபாய் சாமான், நாலைந்து கருவிகள், எஞ்சின் முழுக்க ஆறிய ஒரு காலை நேரம் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

முதலில் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவே ஒரு பித்தளைத் தட்டு, அதை மூடிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங், அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு செப்புக் குப்பி. குப்பிக்குள் இருப்பது மெழுகு. குளிர்ந்திருக்கும்போது மெழுகு கெட்டியாக இருக்கும், வால்வும் மூடியிருக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரிகிறது. அந்த விரிவு ஒரு சிறு தண்டைத் தள்ள, தட்டு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு திறக்கிறது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. செர்ஜியஸ் வெர்னே என்பவர் அமெரிக்காவில் 1930களில் உருவாக்கிய ஏற்பாடு இது. இன்றும் உலகம் முழுவதும் கார்களில் அடிப்படையில் இதே மெழுகுதான் வேலை செய்கிறது.

தட்டின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினுக்கு 82 அல்லது 88 என்று கிடைக்கிறது. வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை அது, டிகிரி செல்சியஸில். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏற வேண்டும். இதற்கு அர்த்தம், எஞ்சின் உண்மையிலேயே சூடாக இருக்கும்போது நல்ல தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்து வழிவிட்டு நிற்கிறது என்பதே. அந்த நிலையில் அதைக் கழற்றி எடுத்தாலும் ரேடியேட்டருக்குப் புதிதாக எந்தத் திறமையும் வந்துவிடாது.

கழற்றிவிட்டால் உண்மையில் நடப்பது வேறு. காலையில் கிளப்பிய வண்டி சூடேறவே நெடுநேரம் ஆகும். நெமிலியிலிருந்து அரக்கோணம் ரயிலடிக்குப் போய்த் திரும்புவது போன்ற சிறு ஓட்டங்களில் எஞ்சின் வேலைசெய்ய வேண்டிய சூட்டை எட்டாமலே போகும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் முழுக்க ஆவியாகாமல் படிந்து, ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும். எரிப்பில் உண்டாகும் நீராவியும் ஆயிலோடு சேரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருப்பது இதனால்தான். கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து வைத்திருக்கும் நேரம் கூடும். 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து கொடுக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்னும் மோசம். தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் இறங்கியதற்குக் காரணம் தேடி பிளக், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் கோடையில் மட்டும் ஏன் ஹீட் ஆகிறது? கணக்கு எளிது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. மார்கழிக் காலையில் வெளியே 20 டிகிரி, தண்ணீர் 90 என்றால் வித்தியாசம் 70. மே மாத மதியம் வெளியே 40 என்றால் வித்தியாசம் 50தான். அதே ரேடியேட்டர், அதே வேகம், ஆனால் குளிர்விக்கும் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மார்கழியில் பாதி அடைத்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டும் சமாளித்துவிடலாம், கத்திரியில் முடியாது. ஆகவே கோடையில் ஹீட் ஆகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து ரேடியேட்டர் அடைப்பு, சுற்றாத மின்விசிறி, அதை இயக்கும் சுவிட்ச், தளர்ந்த ரேடியேட்டர் மூடி, தேய்ந்த வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை மட்டும் குற்றவாளியாக்கிக் கழற்றி எறிந்தால் நோய் அப்படியே இருக்கும்.

சில எஞ்சின்களில் கழற்றுவதே சூட்டைக் கூட்டும். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து எஞ்சின்களில், ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் குறுக்கே திரும்பும் ஒரு பைபாஸ் வழி உண்டு. தெர்மோஸ்டாட்டை எடுக்க நேர்ந்தால் அங்கே ஒரு அடைப்பு வளையத்தைப் போட வேண்டும் என்பது வெளிநாட்டில் பந்தயத்துக்கு இந்த எஞ்சின்களைத் தயார் செய்கிறவர்களின் நடைமுறை. வளையம் இல்லாமல் வெறும் ஓட்டையாக விட்டால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.

கழற்றிப் போடும் பழக்கத்தை மெக்கானிக்குகளின் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. தெர்மோஸ்டாட் சாகும்போது பல சமயம் மூடிய நிலையில் சாகிறது. குப்பியில் இருக்கும் மெழுகு கசிந்துவிட்டால் தட்டைத் தள்ள ஆளில்லை. ஸ்பிரிங் மூடியே வைத்திருக்கும். இரவில் வாலாஜா தாண்டி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நின்றுபோன ஒருவரை வீடு சேர்க்க, அந்த வால்வைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி அனுப்பியது நல்ல முதலுதவி. முதலுதவிக் கட்டோடு ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டதுதான் பிசகு.

வீட்டிலேயே செய்ய ஏற்ற வண்டி எது? மாருதி 800தான். 1983 டிசம்பர் 14 அன்று முதல் கார் கைமாறியதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. டிஎன் 23 என்று தொடங்கும் வேலூர் எண்களோடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்த பிறகும் கட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பாசத்தோடு வைத்திருக்கும் வண்டிக்குச் சரியான சூட்டில் ஓடும் எஞ்சினைக் கொடுக்க வேண்டும். நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்திலேயே டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்காக 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அந்த ரகக் கார்களில் தெர்மோஸ்டாட்டைத் தொட பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். 800இல் பானட்டைத் தூக்கினால் எதிரிலேயே இருக்கிறது. ஆம்னியிலும் இதே எஞ்சின்தான், ஆனால் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் கை நுழைய இடம் குறைவு. ரேடியேட்டர் வரை நீண்ட குழாய்கள் ஓடுவதால் காற்றை வெளியேற்றுவதும் சிரமம். முதல் தடவை செய்கிறவர் ஆம்னியில் தொடங்காமல் இருப்பது நல்லது.

கழற்றுமுன் நோயைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பிவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கை, சேலைத் தலைப்பு, துப்பட்டா எதுவும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் நெடுநேரம் சாதாரணச் சூட்டில் இருந்துவிட்டு, மீட்டர் முள் நடுப்பகுதியை நெருங்கும்போது சட்டென்று சுடும். வால்வு திறந்த கணம் அது. முதலிலிருந்தே ஹோஸ் மெல்ல மெல்லச் சூடாகி, முள் மட்டும் அடியிலேயே கிடந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ முன்பே கழற்றிவிட்டார்கள். முள் மேலே ஏறிக்கொண்டே போக ஹோஸ் மட்டும் ஆறியே இருந்தால் வால்வு மூடிச் செத்துவிட்டது. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

சாமான் வாங்க அரக்கோணத்திலோ காஞ்சிபுரத்திலோ உள்ள ஸ்பேர்ஸ் கடை போதும். கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோடு இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலையாகக் கிடக்கும், ஆனால் தெர்மோஸ்டாட் பழையதாக வாங்கும் பொருளல்ல. பழையதைக் காட்டி, அதே எண் பொறித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். வெயில் ஊர் என்பதற்காக இன்னும் குறைந்த எண்ணைத் தேட வேண்டியதில்லை. கூடவே தெர்மோஸ்டாட் மூடிக்கான பேக்கிங் ஒன்று, மேல் ஹோஸுக்கு இரண்டு புதுக் கிளிப், கூலன்ட் ஒரு டப்பா, டிஸ்டில்டு வாட்டர் சில லிட்டர். ஹோஸை அமுக்கிப் பார்த்து, கல்லாக இறுகியிருந்தாலோ வாய்ப்பகுதியில் விரிசல் தெரிந்தாலோ அதையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

புதுச் சாமான் என்பதற்காக நம்பிப் பொருத்தக் கூடாது. ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் குரோம் பதனிட்ட தோல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. ஈரத் தோலில் சிறு துண்டு வெட்டி, அதன் விளிம்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சுருங்கியிருந்தால் பதனிடல் போதவில்லை. தெர்மோஸ்டாட்டுக்கும் அதேபோல் கொதிநீர்ப் பரீட்சைதான். சமையலுக்குத் திரும்பப் போகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்ட வேண்டும். நூலை வால்வுத் தட்டின் இடுக்கில் மாட்டிவிட்டால் திறந்த கணத்தில் நூல் நழுவி வால்வு கீழே விழும். கண்ணுக்குத் தப்பாது. 100 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பமானி இருந்தால் எந்தச் சூட்டில் திறந்தது என்றும் தெரியும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, 42 டிகிரியோடு அதன் அளவு முடிந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வால்வு நன்றாக, ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் முழுக்க மூட வேண்டும். பழைய வால்வையும் அதே தண்ணீரில் போட்டுப் பார்த்தால் வியாதி கண்ணெதிரே தெரிந்துவிடும்.

வேலைக்கு முந்தின இரவே தொடங்கிவிடுவது உத்தமம். மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே எஞ்சின் பக்கம் போனால், இன்டேக் மேனிஃபோல்டின் ஓரத்தில், ஹோஸ் மாட்டியிருக்கும் ஒரு அலுமினிய மூடியில் போய் முடியும். இரண்டு போல்ட் அதைப் பிடித்திருக்கும். அலுமினியத்துக்குள் பல ஆண்டு உட்கார்ந்த இரும்பு போல்ட் துருவேறிப் பிணைந்துபோயிருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரேயைப் போல்ட் தலைகளைச் சுற்றி அடித்து இரவெல்லாம் ஊறவிட வேண்டும். இந்த வேலையில் கெட்டுப்போகக்கூடியது அந்த இரண்டு போல்ட்தான். அவற்றுக்கு எவ்வளவு பொறுமை காட்டினாலும் தகும்.

காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருப்பதைக் கையால் தொட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது உயிரோடு விளையாடுவது. 0.9 என்று எழுதிய மூடி, உள்ளே அவ்வளவு கிலோ அழுத்தத்தைத் தாங்கி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரிக்கு அருகில் போனால்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணம் அழுத்தம் விடுபட்டு, 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அப்படியே கொதித்து முகத்தில் பீறிடும். சாலையோரத்தில் நின்றுபோனவர் எவ்வளவு அவசரமானாலும் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவிட்டால் மின்விசிறி எதிர்பாராமல் சுற்றும் பயம் இல்லை. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் ஒரு அகன்ற டப்பை வைத்து, வடிகால் திருகைத் தளர்த்த வேண்டும். பழைய வண்டியில் அந்தத் திருகு இறுகிப்போயிருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி வடிக்கலாம். தெர்மோஸ்டாட் மேலே இருப்பதால் அந்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினாலே போதும். ஆனால் வடிந்த தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தால் முழுக்க வடித்துவிடுவதே சரி. வடிந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

ஹோஸ் எளிதில் வராது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் துருப்பிடித்த அலுமினியக் கழுத்து உடையும். கிளிப்பைப் பின்தள்ளி, ஹோஸைக் கையால் இடவலமாகத் திருகினால் பிடி விடும். புது ஹோஸ் கையில் இருந்தால் பழையதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்துவிடலாம். போல்ட்டுக்கு ஓப்பன் ஸ்பேனரைப் போடக் கூடாது. தலையை நன்றாகக் கவ்வும் ஆறு முக பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி, பிறகு கழற்றும் திசையில் ஒரு துளி. கிரீச் என்று சத்தம் வந்தால் மறுபடி ஸ்ப்ரே, மறுபடி காத்திருப்பு. அம்பாசடரில் இந்த மூடி மூன்று ஸ்டட்களில் உட்கார்ந்திருக்கும். நட்டு வந்தாலும் மூடி ஸ்டட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அங்கே மரச்சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். போல்ட் முறிந்துபோனால் மேலே தொடராமல் லேத் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே மரியாதை. முறிந்த துண்டை வீட்டு டிரில்லில் குடைந்து மரையையும் கெடுத்தவர்கள் அநேகம்.

மூடி வந்ததும் பழைய வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் எஞ்சினை நோக்கி இருக்கும், எப்போதும். தலைகீழாகப் பொருத்தினால் குப்பிக்குச் சூடு எட்டத் தாமதமாகி வண்டி கொதித்துவிடும். வால்வின் விளிம்பில் ஆடும் ஒரு சிறு ஊசி இருந்தால் அது காற்று வெளியேறும் வழி. அது மேல்பக்கம் வர வேண்டும்.

அடுத்தது சுத்தம் செய்வது. பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. எஞ்சின் பக்க ஓட்டையில் துணியைத் திணித்துவிட்டு, ஒட்டிக் காய்ந்த பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் தகட்டாலோ நகத்தாலோ சுரண்ட வேண்டும். அரத்தைத் தொடக் கூடாது. அலுமினியத்தில் விழும் ஒரு கீறல், நாளைக்கு ஒரு கசிவு. கடைசியாக மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, மூடியின் முகத்தை அதில் வட்டமாகத் தேய்த்தால் மேடுபள்ளம் இருப்பது தெரியும். துருவால் குழி விழுந்திருந்தால் மூடியையும் மாற்ற வேண்டியதுதான்.

பேக்கிங் தயாராகக் கிடைக்காதபோது கடையில் பேக்கிங் ஷீட் வாங்கி, மூடியின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் தட்டி வடிவம் எடுத்துக் கத்தரித்துக்கொள்ளலாம். தோல் பதனிடும் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு வீட்டில் கிடக்கும் தோல் துண்டை வெட்டிப் போடலாமே என்று தோன்றும். கூடாது. கடுக்காய், பட்டை கொண்டு பதனிட்ட தோல் 80 டிகிரிக்கு முன்பின்னாகவே சுருங்கத் தொடங்கிவிடும். குரோம் தோல் கொதிநீரைத் தாங்கும் என்றாலும் நீரை உறிஞ்சி ஊறும். அழுத்தத்தில் நிற்கும் கூலன்ட்டை அடைத்து நிறுத்தும் வேலைக்கு அது ஏற்றதல்ல.

பொருத்தும்போது பேக்கிங்கின் இரு பக்கமும் சீலன்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். டியூபைப் பிதுக்கித் தடிமனாகப் பூசினால் மிச்சம் உள்ளே பிதுங்கி, உடைந்து, ரேடியேட்டர் குழாய்களில் போய் அடைக்கும். இரண்டு போல்ட்டையும் முதலில் கையாலேயே கடைசிவரை ஏற்றிவிட்டு, பிறகு இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் மூடி ஒரு பக்கம் தூக்கி விரிசல் விடும். ஸ்பேனரின் நுனியைப் பிடித்து உடம்பு பலத்தைக் கொடுப்பது வேண்டாம். நடுவில் பிடித்து மணிக்கட்டால் இறுக்கினால் அலுமினிய மரை பிழைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் வேலூர், ராணிப்பேட்டைக்காரர்கள் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். பாலாற்று ஊர்களில் தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் உப்பானதும், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானதும் ஊரறிந்த செய்தி. கழிவு எட்டாத இடங்களிலும் போர் தண்ணீர் கடினமானதுதான். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி. அதே பொருக்கு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும், தெர்மோஸ்டாட் தண்டிலும், எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. போர் தண்ணீரை ஊற்றியே பழகிய வண்டியில் புதுத் தெர்மோஸ்டாட்டும் சீக்கிரம் சிக்கும். டிஸ்டில்டு வாட்டரின் விலை இந்தச் சேதங்களுக்கு முன் ஒன்றுமே இல்லை.

பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்ற கேள்வியும் வரும். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதும் நமக்கு வேண்டிய வேலைகள். டப்பாவில் ஐ.எஸ். 5759 என்ற தரக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அதிகம் ஊற்றினால் அதிகக் குளிர்ச்சி என்று நினைப்பது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டிக்காரன். கூலன்ட் விகிதம் கூடக் கூட அந்தத் திறன் குறையும். பாதிக்குப் பாதி என்பதைத் தாண்டவே கூடாது. கலந்தே விற்கும் ரகத்தில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

ஊற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வாசல் சரிவாக இருந்தால் வண்டியின் முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். காற்று மேலே ஏறும், ரேடியேட்டர் வாய்தான் மேடாக இருக்க வேண்டும். மெல்ல ஊற்றி, நிறைந்ததும் மேல் ஹோஸைப் பலமுறை அமுக்கினால் குமிழிகள் வந்து மட்டம் இறங்கும். மறுபடி ஊற்ற வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியில் அதைத் திறந்துவைக்க வேண்டும். பேட்டரிக் கம்பியை மாட்டி, ரேடியேட்டர் மூடி இல்லாமலே எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வால்வு திறக்கும்போது மட்டம் திடீரென்று ஆடும். சிக்கியிருந்த காற்று குபுக்கென்று வெளியேறும். மட்டத்தை நிரப்பி மூடியைப் போட்டுவிட்டு, மின்விசிறி ஒருமுறை தானாகச் சுற்றி நிற்கும்வரை எஞ்சினை நிறுத்தக் கூடாது. முதலில் வடிந்த அளவும் இப்போது உள்ளே போன அளவும் பொருந்த வேண்டும். அரை லிட்டர் மிஞ்சியிருந்தால் அந்த இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ வாசல் மண்ணிலோ கொட்டக் கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் ஆடும் நக்கிக் குடித்துவிடும், சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட வேண்டும்.

புது வால்வு போட்ட பிறகும் முள் ஏறினால்? ரேடியேட்டரின் ஒரு பகுதி மட்டும் ஆறிக்கிடந்தால் அடைப்பு. விசிறி சுற்றவே இல்லையென்றால் சுவிட்ச், மோட்டார், ஃபியூஸ். மூடியைத் திறந்துவைத்து ஓடவிடும்போது குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தாலோ, கூலன்ட் எங்கும் ஒழுகாமலே குறைந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அது வாசலில் செய்யும் வேலையல்ல. அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துப் போவதே ஹெட்டைக் காப்பாற்றும்.

எல்லாம் சரியாக இருந்தால் முதல் நாள் ஊருக்குள்ளேயே ஒரு சுற்று, பனப்பாக்கம் வரை போய்த் திரும்பினால் போதுமானது. மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மட்டத்தையும் ரிசர்வாயர் டப்பாவையும் பார்த்து, குறைந்ததை நிரப்ப வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியின் விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹோஸ் கிளிப்புகளை அப்போது ஒருமுறை இறுக்கிவிட்டு, மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வால்வின் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்து வண்டியைத் தொடும் மெக்கானிக் அதைக் கழற்றுமுன் ஒருமுறை படிப்பார்.